விண்ணுக்கு வழி கணித்த பள்ளி ஆசிரியர்

பொறியியல் கல்லூரியில் விண்ணூர்திகளின் உந்துவிசை பற்றிப் பயிலப் புகும் மாணவர், தொடக்கப் பாடங்களிலேயே ஒரு சமன்பாட்டைச் சந்திப்பர். ஒரு ராக்கெட் எவ்வளவு எரிபொருளைச் சுமந்து சென்றால் எவ்வளவு வேகம் பெறும் என்பதை அது ஒரே வரியில் உரைத்துவிடும். எஞ்சின்கள் எத்தனை மாறினும், எரிபொருள்கள் எத்தனை புதியன வரினும், அந்த ஒரு வரியை மீறி எந்த ராக்கெட்டும் எழும்ப இயலாது. உலகெங்கும் அது சியோல்கோவ்ஸ்கி சமன்பாடு என வழங்கப்பெறுகிறது.

அப்பெயருக்குரிய கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். பத்து வயதளவில் செவிப்புலனைப் பெரும்பாலும் இழந்தவர். ருஷ்ய நாட்டின் சிற்றூர்ப் பள்ளிகளில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கணக்கும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். தம் வாழ்நாளில் ஒரு விண்வெளி ராக்கெட்டையேனும் அவர் செய்து பறக்கவிட்டதில்லை. ஆயினும் விண்வெளிப் பயணத்தின் தந்தையருள் ஒருவராக உலகம் அவரைப் போற்றுகிறது. தனித்திருந்து கற்ற ஒருவர் எவ்வளவு உயரம் செல்லக்கூடும் என்பதையும், அத்தனிமைக்கு அவர் எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்பதையும் அவர் வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. நம் இல்லத்துப் பிள்ளைகள் பலர் பொறியியல் பயிலும் இக்காலத்தில், இவ்வரலாறு பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்கும் ஒருங்கே பயன்படும்.

இளமைப் பருவம்

ருஷ்யாவின் ரியாசான் பகுதியைச் சேர்ந்த இஷேவ்ஸ்கோயே என்னும் ஊரில் 1857 செப்டம்பர் 17 அன்று கான்ஸ்டன்டின் பிறந்தார். தந்தை எட்வர்ட் காட்டுத்துறையில் பணியாற்றியவர், போலந்து மரபினர். தாய் மரியா கல்வியும் இன்முகமும் வாய்ந்தவர். மக்கள் பலர் பிறந்த குடும்பம், வருவாயோ சிறிது.

பத்து வயதளவில் செங்காய்ச்சல் கண்டது. உயிர் பிழைத்தார், காது கேளாது போயிற்று. பள்ளியில் ஆசிரியர் சொல்லும் சொல் செவியில் ஏறவில்லை. உடன் பயில்வோர் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கின்றனர் என்பதும் விளங்கவில்லை. மெல்ல மெல்லப் பள்ளி வாழ்வு அவரை விட்டு நீங்கிற்று. கைப்பற்றி எழுத்தறிவித்த தாயும் அவரது பதின்மூன்றாம் வயதில் மறைந்தார். செவியும் தாயும் பள்ளியும் ஒருங்கே இழந்த சிறுவனுக்குத் தந்தையின் சிறு நூலகம் ஒன்றே எஞ்சியது.

அந்நூல்களுள் அளவையியல் பற்றிய ஒன்றைக் கண்ட சிறுவன், அதில் கூறிய முறைப்படி கோணம் அளக்கும் கருவியொன்றைத் தானே செய்துகொண்டான். வீட்டை விட்டு அகலாமல், தொலைவில் தெரிந்த தீயணைப்புக் கோபுரத்தைக் குறிபார்த்து, அதன் தூரத்தைக் கணக்கிட்டான். நானூறு அர்ஷின் என விடை வந்தது. அது நம் கணக்கில் ஏறத்தாழ 284 மீட்டர். பின்னர் நேரில் நடந்து அளந்து பார்த்தபோது கணக்கு சரியாகவே இருந்தது. போகாத இடத்தின் தூரத்தையும் கணக்கினால் அறியலாம் என்னும் நம்பிக்கை அன்று அவருள் வேரூன்றியது. பிற்காலத்தில் எவரும் சென்றிராத விண்வெளிக்கு வழி கணித்த மனம் அக்கோபுரத்தை அளந்தபோதே உருப்பெற்றது எனலாம்.

மாஸ்கோவில் மூன்று ஆண்டுகள்

மகனின் ஆர்வத்தைக் கண்ட தந்தை, 1873-இல், பதினாறு வயதில், அவரை மாஸ்கோவுக்கு அனுப்பினார். ஆசிரியர் உரையைக் கேட்டறிய இயலாத அவருக்கு அங்கும் வகுப்பறை பயன்படவில்லை. கட்டணமின்றி எவரும் புகுந்து படிக்கக்கூடிய செர்த்கோவ் நூலகமே அவருக்குக் கல்லூரியாயிற்று. முதலாண்டில் தொடக்கநிலைக் கணக்கும் இயற்பியலும், இரண்டாம் ஆண்டில் வகைநுண்கணிதமும் தொகைநுண்கணிதமும் எனத் தமக்குத் தாமே பாடத்திட்டம் வகுத்துக் கற்றார்.

அந்நூலகத்தில் நிக்கோலாய் ஃபியோதரோவ் என்னும் அறிஞர் பணியாற்றினார். எளிமையே உருவானவர், தம் சிறிய ஊதியத்தையும் ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தவர். கந்தலாடையுடன் நாள்தோறும் வந்து அமரும் காது கேளாத இளைஞனை அவர் கண்டுகொண்டார். அவனுக்கு வேண்டிய நூல்களைத் தாமே தேடி எடுத்துக் கொடுத்தார். தமக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கியவர் அவரே என்னும் பொருள்படச் சியோல்கோவ்ஸ்கி பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார்.

தந்தை மாதந்தோறும் அனுப்பிய பத்துப் பதினைந்து ரூபிளில் பெரும்பகுதி நூல்களுக்கும் ஆய்வுப் பொருள்களுக்கும் சென்றது. மூன்று நாட்களுக்கு ஒருமுறை கருப்பு ரொட்டி வாங்கி, அதனையும் தண்ணீரையும் கொண்டே உயிர் வளர்த்தார். அமிலம் பட்ட கால்சட்டையில் மஞ்சள் கறைகளும் துளைகளும் நிறைந்திருந்தன. உடல் மெலிந்ததை அறிந்த தந்தை 1876-இல் அவரை ஊருக்கு அழைத்துக்கொண்டார்.

ஆசிரியப் பணி

ஊர் திரும்பியவர் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார். தம் காலத்தில் தமக்கு எது விளங்கவில்லையோ அதனைப் பிறர்க்கு விளங்கவைக்கும் கலை அவருக்குக் கைவந்தது. 1879-இல் ஆசிரியர் தகுதித் தேர்வை வெளியிலிருந்தே எழுதித் தேறினார். அடுத்த ஆண்டு போரோவ்ஸ்க் என்னும் சிற்றூர்ப் பள்ளியில் எண்கணிதமும் வடிவியலும் கற்பிக்கும் பணி கிடைத்தது. அவ்வூரிலேயே வர்வாரா என்னும் பெண்மணியை மணந்தார்.

பாடநூலோடு நிற்கும் ஆசிரியராக அவர் இருந்ததில்லை. காகிதத்தால் பெரிய கூடு செய்து, வெப்பக்காற்று நிரப்பி, மாணவர் கண்முன்னே மேலெழச் செய்து காட்டுவார். காதருகே வைத்துக் கேட்பதற்காகத் தகரத்தால் பெரிய புனல்போன்ற குழலைத் தாமே செய்துகொண்டார். வகுப்பு முடிந்த பின் இரவிலும் விடியலிலும் தம் ஆய்வைத் தொடர்ந்தார்.

தனிமைக் கல்வியின் விலையை அவர் முதன்முதலில் உணர்ந்ததும் இவ்வூரிலேதான். வளிமங்களின் மூலக்கூறுகள் ஓயாது இயங்குவதால் அழுத்தமும் வெப்பமும் எவ்வாறு தோன்றுகின்றன என்பதைத் தாமே சிந்தித்துக் கண்டறிந்து, 1881-இல் தலைநகரில் இருந்த ருஷ்ய இயற்பியல் வேதியியல் சங்கத்துக்கு எழுதி அனுப்பினார். அக்கருத்து ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே அறிஞர்களால் நிறுவப்பட்டுவிட்டது என்று மறுமொழி வந்தது. பல மாத உழைப்பு ஒரு கடிதத்தில் பழஞ்செய்தியாயிற்று. அவ்வூரில் அவருக்கு அண்மை ஆய்விதழ்களும் இல்லை. கலந்துரையாடத் துணையும் இல்லை. ஆயினும் அச்சங்கத்தார் அவரை எள்ளவில்லை. துணையின்றித் தாமே அவ்வளவு தூரம் வந்தவரின் ஆற்றலை உணர்ந்து ஊக்கமளித்தனர்; உறுப்பினராக ஏற்கவும் முன்வந்தனர். அந்த ஒரு மறுமொழி அவரைத் தளரவிடாது காத்தது.

1887-இல் மாஸ்கோவுக்குச் சென்று, உலோகத்தாலான வான்கப்பல் பற்றிய தம் ஆய்வை அறிஞர் அவையில் விளக்கினார். அவ்வாண்டிலேயே போரோவ்ஸ்கில் அவர் குடியிருந்த வீடு தீப்பற்றி எரிந்தது. நூல்களும் கையெழுத்துப் படிகளும் சாம்பலாயின. மீண்டும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். 1892-இல் கலூகா நகரப் பள்ளிக்கு மாற்றப்பட்டார்; இறுதிவரை அந்நகரே அவருக்கு ஊராயிற்று. அங்கே 1897-இல் காற்றுச் சுரங்கம் ஒன்றை வீட்டிலேயே அமைத்து, பல்வேறு வடிவங்கள் காற்றில் எவ்வளவு தடை பெறுகின்றன என அளந்தார். அம்முயற்சியைக் கண்ட ருஷ்ய அறிவியல் கழகம் பின்னர் 470 ரூபிள் வழங்கியது. அவரது நெடிய ஆய்வு வாழ்வில் அந்நாளைய அரசமைப்பிலிருந்து கிடைத்த அரிய உதவி அது.

கணக்கின் உட்பொருள்

ராக்கெட் அவர் படைத்த பொருள் அன்று. வாணவேடிக்கையாகவும் போர்க்கருவியாகவும் அது நெடுங்காலம் வழக்கில் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் மைசூர்ப் படையினர் இரும்புக் குழலால் ஆன ராக்கெட்டுகளைப் போரில் ஏவினர். அவற்றைக் கண்ட ஆங்கிலேயர் தம் நாட்டில் காங்கிரீவ் என்பாரைக்கொண்டு அதுபோன்று செய்வித்தனர். எனினும் அதனை ஏறிச் செல்லும் ஊர்தியாகக் கணக்கிட்டுப் பார்க்கும் எண்ணம் பரவவில்லை.

ஜூல்ஸ் வெர்னின் கற்பனைக் கதையில் நிலவுப் பயணிகள் பெரும் பீரங்கியிலிருந்து குண்டுபோல் செலுத்தப்படுவர். விண்வெளி பற்றிய ஆசையைத் தம் உள்ளத்தில் விதைத்தவர் அவ்வெழுத்தாளரே எனச் சியோல்கோவ்ஸ்கி ஒப்புக்கொண்டார். ஆனால் கணக்கிட்டுப் பார்த்தபோது அவ்வழி உதவாது என உணர்ந்தார். பீரங்கிக் குழலின் சிறு நீளத்துக்குள் முழு வேகத்தையும் ஏற்றினால் உள்ளிருப்போர் நசுங்கி மடிவர். சிறிது சிறிதாக வேகத்தைக் கூட்டும் வழி வேண்டும். காற்றில்லா வெளியிலும் அது இயங்க வேண்டும்.

விடை இயற்கையின் எளிய விதியில் இருந்தது. அசையாத நீரில் மிதக்கும் படகில் நின்று ஒரு கல்லைப் பின்னோக்கி எறிந்தால் படகு முன்னோக்கி நகரும். கல்லை எறிந்த செயலே படகைத் தள்ளுகிறது. அதற்குக் காற்று தேவையில்லை. ராக்கெட்டில் கல்லுக்கு மாற்றாக, எரிந்த வளிமம் பெருவேகத்தோடு பின்புறம் பாய்கிறது. 1883-ஆம் ஆண்டிலேயே, எடையற்ற வெற்றுவெளியில் இயங்குவதற்கு இதுவே வழி எனத் தம் கையெழுத்துப் படியொன்றில் அவர் எழுதி வைத்தார். 1897-இல் அதற்குரிய சமன்பாட்டையும் வருவித்தார்.

அச்சமன்பாட்டைப் பள்ளிக் கணக்கு அறிந்தவரும் புரிந்துகொள்ளலாம். புறப்படும்போது எரிபொருளோடு சேர்ந்து ராக்கெட்டின் நிறை நூறு பங்கு எனக் கொள்வோம். வளிமம் வெளியேறும் வேகத்துக்குச் சமமான வேகத்தை ராக்கெட் அடைய வேண்டுமாயின் ஏறத்தாழ 63 பங்கு எரிபொருளாக இருக்க வேண்டும். 37 பங்கே மிஞ்சும். அதன் இரு மடங்கு வேகம் வேண்டுமாயின் 13½ பங்கே மிஞ்சும். மும்மடங்கு வேகத்துக்கு 5 பங்கே மிஞ்சும். வேகம் கூட்டுத் தொடரில் ஏறும்போது, சுமக்க வேண்டிய எரிபொருள் பெருக்குத் தொடரில் பெருகிவிடுகிறது. எரிபொருளைச் சுமப்பதற்கே மேலும் எரிபொருள் வேண்டியிருப்பது இதற்குக் காரணம். கணக்கில் இதனை மடக்கை என்னும் முறையால் குறிப்பர்.

இதிலிருந்து அவர் கண்ட உண்மை பெரிது. பூமியைச் சுற்றிவர நொடிக்கு ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் வேகம் வேண்டும். வாணவேடிக்கை வெடிமருந்தின் புகை நொடிக்கு ஒரு கிலோமீட்டர் அளவிலேதான் வெளியேறும். அதனைக்கொண்டு ஒரு டன் நிறையை அவ்வேகத்துக்குக் கொணர, தொடக்கத்தில் ஏறத்தாழ 3,000 டன் நிறை வேண்டும். நொடிக்கு நாலரைக் கிலோமீட்டர் வேகத்தில் வளிமம் வெளியேறுமாயின் ஆறு டன் போதும். புவியீர்ப்பும் காற்றுத் தடையும் உண்மையில் இன்னும் மிகுதியாகக் கேட்கும் என்றாலும், எரிபொருளின் தரமே பயணத்தை முடிவு செய்யும் என்பது தெளிவாயிற்று. ஆகவே வெடிமருந்தை விடுத்து, நீர்ம ஹைட்ரஜனையும் நீர்ம ஆக்சிஜனையும் எரிக்க வேண்டும் என்று எழுதினார். நீர்ம ஹைட்ரஜனை லண்டனில் ஜேம்ஸ் டூவார் முதன்முதலில் உண்டாக்கியதே 1898-இல்தான். உலகில் சில துளிகளே கிடைத்த காலத்தில் அதனை எரிபொருளாக எண்ணிப் பார்த்தவர் கலூகாப் பள்ளி ஆசிரியர்.

1903-ஆம் ஆண்டு

இவ்வாய்வுகள் நிகழ்ந்த வீட்டில் துயரம் நிறைந்திருந்தது. சிறு ஊதியத்தில் பெரிய குடும்பத்தை வர்வாரா அம்மையார் ஓசையின்றி நடத்தினார். கணவரின் மாதிரிகளுக்கும் அவர் தம் செலவில் அச்சிட்ட சிறு நூல்களுக்கும் வேண்டிய பணம் அக்குடும்பத்தின் உணவிலிருந்தும் உடையிலிருந்தும் குறைந்தது. ஏழு மக்களுள் ஐவரைச் சியோல்கோவ்ஸ்கி தம் வாழ்நாளிலேயே இழந்தார். மாஸ்கோவில் பயின்றுவந்த மூத்த மகன் இக்னாத்தி 1902-இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். ஒருவரின் பெருமுயற்சிக்கு உடனிருப்போரும் விலை கொடுக்கின்றனர் என்பதை அவர் வரலாற்றைச் சொல்வோர் மறைத்தல் தகாது. அம்மையாரின் பொறுமையையும் சேர்த்துப் போற்றுவதே முறை.

மகன் மறைந்த மறு ஆண்டில், 1903 மே மாதத்தில், அறிவியல் இதழொன்றில் அவர் கட்டுரை வெளிவந்தது. எதிர்வினைக் கருவிகளைக்கொண்டு விண்வெளியை ஆராய்தல் என்பது அதன் பொருள். சமன்பாடும், நீர்ம எரிபொருளும், பாயும் வளிமத்தினுள் சுக்கான் வைத்து ராக்கெட்டைத் திருப்பும் முறையும் அதில் இடம்பெற்றன. ரைட் உடன்பிறந்தார் முதன்முதலில் விமானம் பறக்கவிட்டது அவ்வாண்டு டிசம்பரில்தான். அவர்களது ஊர்தி முதல் முறை வானில் இருந்தது பன்னிரண்டு நொடி. அதற்கு ஏழு மாதம் முன்பே கோள்களுக்கிடையிலான பயணத்தின் கணக்கு அச்சேறிவிட்டது.

ஆயினும் எவரும் அதனைக் கண்டுகொள்ளவில்லை. இதழாசிரியர் சில வாரங்களில் இறந்துபோனார், இதழும் நின்றது. கட்டுரையின் தொடர்ச்சி 1911, 1912 ஆண்டுகளில்தான் வேறோர் இதழில் வெளிவர இயன்றது. இடையே 1908-இல் ஓகா ஆற்று வெள்ளம் வீட்டினுள் புகுந்து பொருள்களைப் பாழ்செய்தது. ஆசிரியர் மறுநாளும் பள்ளிக்குச் செல்ல வேண்டியவரே. பாடம் நடத்த வேண்டியவரே. இயற்பியல் வகுப்பில் அமர்ந்திருந்த கலூகாச் சிறுமியர்க்கு அவர் தம் காதுக்குழலோடு நின்று பாடம் சொல்லும் அன்பான ஆசிரியர்.

அவர் அறியாத வேறொன்றும் உண்டு. இங்கிலாந்தில் வில்லியம் மூர் என்பார் 1813-ஆம் ஆண்டிலேயே ராக்கெட்டின் இயக்கம் பற்றி நூலெழுதி, இத்தகைய சமன்பாட்டை வருவித்திருந்தார். அது போர்க்கருவி பற்றிய நூலாதலின் மறக்கப்பட்டது. பின்னர் பிரான்சில் எஸ்னோ பெல்ட்ரி, அமெரிக்காவில் கோடார்டு, ஜெர்மானிய மொழி பேசும் ஹெர்மன் ஓபர்த் ஆகியோரும் ஒருவரை ஒருவர் அறியாமலே இதே கணக்கைப் போட்டனர். ஒரே மலையில் நால்வர் நான்கு பக்கத்திலிருந்து தனித்தனியே படி வெட்டியது போன்றது அது. ஒருவர் வெட்டிய படி மற்றவர்க்குத் தெரிந்திருந்தால் எத்தனை ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்!

மறுமொழி எழுதியவர்

ருஷ்யப் புரட்சிக்குப் பின் வந்த ஆண்டுகள் கடுமையானவை. பசியும் குளிரும் நாடெங்கும் பரவின. 1919-இல் ஐயத்தின் பேரில் அவரைச் சிறைப்படுத்தி மாஸ்கோவில் சில நாட்கள் வைத்திருந்து விடுவித்தனர். 1921-இல் புதிய அரசு அவருக்கு வாழ்நாள் ஓய்வூதியம் வழங்கியது. அறுபத்து நான்கு வயதில்தான் முழுநேரமும் ஆய்வில் ஈடுபடும் வாய்ப்பு அவருக்கு வந்தது.

1923-இல் ஓபர்த்தின் நூல் ஜெர்மன் மொழியில் வெளிவந்து பரபரப்பூட்டியது. இருபது ஆண்டுகளுக்கு முன்பே தம் ஊராசிரியர் எழுதியவை அயல்நாட்டுப் புதுமையாகப் பேசப்படுவதைக் கண்ட அலெக்ஸாந்தர் சிஷெவ்ஸ்கி என்னும் இளம் அறிஞர், 1903-ஆம் ஆண்டுக் கட்டுரையை மீண்டும் அச்சிடத் துணைநின்று, ஜெர்மன் மொழியில் முன்னுரையும் எழுதினார். பின்னர் ஓபர்த்தே சியோல்கோவ்ஸ்கிக்குக் கடிதம் எழுதி, அவரது முதன்மையை ஏற்றுக்கொண்டு, முன்னரே அறிந்திருந்தால் தம் உழைப்பு எவ்வளவோ குறைந்திருக்கும் என்னும் வருத்தத்தையும் தெரிவித்தார். அறிஞர்க்குரிய நேர்மை அது.

அதே 1923-ஆம் ஆண்டில் ஒதெஸ்ஸா நகரத்திலிருந்து பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் அவருக்குக் கடிதம் எழுதினான். விண்வெளிப் பயணத்தில் பேரார்வம் கொண்டிருப்பதாகவும், அவருடைய நூல்கள் கிடைக்கவில்லை என்றும் அவன் தெரிவித்திருந்தான். முதியவர் மறுமொழி எழுதினார், நூல்களையும் அனுப்பினார். கடிதப் போக்குவரத்து ஆண்டுக்கணக்கில் நீண்டது. அச்சிறுவனின் பெயர் வலென்தின் குளுஷ்கோ. பிற்காலத்தில் சோவியத் நாட்டின் பெரும் ராக்கெட் எஞ்சின் வடிவமைப்பாளராக விளங்கினார். 1957-இல் முதல் செயற்கைத் துணைக்கோளையும், 1961-இல் யூரி ககாரினையும் விண்ணுக்கு ஏற்றிய எஞ்சின்கள் அவர் குழுவின் படைப்பு.

இளமையில் ஒரு மறுமொழியின் அருமையை அறிந்தவர் ஆதலின், முதுமையில் தமக்கு வந்த கடிதங்களுக்கு அவர் சோம்பாது மறுமொழி எழுதினார் எனக் கொள்வது பொருந்தும். ராக்கெட் ஒன்றையும் செய்யாத அவர், ராக்கெட் செய்பவரை உருவாக்கினார். சமன்பாட்டுக்கு இணையாக வைத்து எண்ணத்தக்க பணி அது. ஆசிரியப் பணியில் வாழ்நாளைக் கழித்தோர்க்கு இச்செய்தி தனி ஆறுதல் தருவதாகும்.

அவர் சிந்தனையும் ஓயவில்லை. ஒரே ராக்கெட்டால் போதிய வேகம் பெற இயலாது எனச் சமன்பாடு எச்சரித்தது அல்லவா? அதற்கொரு வழியை 1929-இல் வெளியிட்டார். பல ராக்கெட்டுகளைத் தொடர்வண்டிபோல் இணைத்து, எரிந்து தீர்ந்த பகுதியைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சியது மேலும் விரைந்து செல்வதே அவ்வழி. வெறுங்கலத்தைச் சுமந்து செல்லும் வீண்சுமை இதனால் நீங்குகிறது. இன்று எந்த நாடு துணைக்கோள் ஏவினாலும் பல அடுக்கு ஏவூர்தியே புறப்படுவதைக் காண்கிறோம். அதன் காரணம் அக்கணக்கே.

நிறைவு

1935 செப்டம்பர் 19 அன்று, எழுபத்தெட்டாம் வயதில், வயிற்றுப் புற்றுநோயால் சியோல்கோவ்ஸ்கி கலூகாவில் காலமானார். தம் எழுத்துகள் அனைத்தையும் நாட்டுக்கே உரியவையாக்கிச் சென்றார். நீர்ம எரிபொருள் ராக்கெட் ஒன்றை அமெரிக்காவில் கோடார்டு 1926 மார்ச் 16 அன்று பறக்கவிட்டிருந்தார். அது மேலே நின்றது இரண்டரை நொடி. மனிதர் விண்ணேறும் நாளைக் காணச் சியோல்கோவ்ஸ்கிக்கு வாய்க்கவில்லை. அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த பதினேழாம் நாள், 1957 அக்டோபர் 4 அன்று, முதல் துணைக்கோள் வானேறியது. 1959-இல் நிலவின் மறுபக்கத்தை முதன்முதலாகப் படமெடுத்தபோது, அங்குக் கண்ட பெரும்பள்ளம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. கலூகாவில் எழுந்த விண்வெளி அருங்காட்சியகத்துக்கு 1961-இல் ககாரினே அடிக்கல் நாட்டினார். பீரங்கியை நீக்கி ராக்கெட்டைத் தேர்ந்த கணக்கின் பயனை உடலால் உணர்ந்த முதல் மனிதர் அவர்.

நம் மாநிலத்து மகேந்திரகிரியில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உந்துவிசை எஞ்சின்களைச் சோதித்துவருகிறது. நீர்ம ஹைட்ரஜனும் நீர்ம ஆக்சிஜனும் எரியும் இந்தியக் கிரையோஜெனிக் எஞ்சின், 2014 சனவரி 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த ஏவூர்தியில் வெற்றியோடு இயங்கியது. ஒன்று பூச்சியத்துக்குக் கீழே 253 பாகை, மற்றது 183 பாகைக் குளிரில் வைத்துக் காக்கவேண்டிய நீர்மங்கள் அவை. 1903-இல் தாளில் எழுதப்பட்ட இணையைக் கையாளும் திறனை அடைய வல்லரசுகளுக்கே பல்லாண்டுகள் ஆயின. நம் நாட்டாரும் தோல்வி கண்டு, மீண்டும் முயன்று அதனை வென்றனர்.

உந்துவியல் பயிலும் இன்றைய மாணவர்க்குச் சியோல்கோவ்ஸ்கிக்கு இல்லாதவை எல்லாம் உண்டு. ஆய்வகமும் பேராசிரியரும் உடன் பயில்வோரும் உலகின் ஆய்விதழ்களும் அவர்க்குக் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. அவர்பால் இருந்த ஒன்றை மட்டும் நாம் தேடிப் பெற வேண்டும்: ஒரு கணக்கை விடை தெரியும்வரை விடாது பற்றும் உள்ளம்.

பெற்றோர்க்கும் ஊரார்க்கும் உரிய பாடம் வேறு. கட்டணமில்லா நூலகம் ஒன்று, அதில் இன்முகத்தோடு நூலெடுத்துத் தந்த ஒருவர், எள்ளாது மறுமொழி எழுதிய சங்கம் ஒன்று. இம்மூன்றும் இல்லாதிருந்தால் அந்தக் காது கேளாத சிறுவன் தன்னுள்ளேயே ஒடுங்கிப் போயிருப்பான். நம் ஊர்களில் புழுதி படிந்து பூட்டிக் கிடக்கும் படிப்பகத்தைத் திறந்து வைப்பதும், புரியாத வினாவோடு வரும் பிள்ளைக்கு நின்று விடை சொல்வதும் சிறு பணிகளே. அவற்றின் பயன் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை எவராலும் கணக்கிட்டுச் சொல்ல இயலாது.